ஆய்வு பள்ளிக்கூடத்துக்கு வரும் வழி

தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிறது புன்னைக்காயல். தூத்துக்குடிக்குத் தெற்கே, காயல்பட்டினத்துக்கு வடக்கே, ஒரு பக்கம் ஆறும் மறுபக்கம் கடலுமாக அமைந்த மீனவர் ஊர். பதினாறாம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறையின் முக்கியமான ஊர்களில் ஒன்றாக இருந்தது. போர்த்துக்கீசியரின் கோட்டையும் இங்கே இருந்தது. அண்டிரிக் அடிகளார் என்று தமிழர் அழைக்கும் என்றிக்கே என்றிக்கஸ் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை இந்தக் கரையில்தான் கழித்தார். அவரைத் தமிழ் அச்சின் முன்னோடி என்று எல்லாரும் அறிவார்கள். கற்பித்தலில் தென்பட்ட ஒரு கோளாறைச் சரிசெய்ய முதலில் ஆய்வில் இறங்கியவர் என்ற கோணத்தில் அவரைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு.

கிறித்தவ சமயம் பரப்பப் பிரான்சிஸ் சேவியர் 1542இல் இந்தக் கரைக்கு வந்தபோது அவருக்குத் தமிழ் தெரியாது. இரு மொழியும் அறிந்த உள்ளூர்க்காரர்களைக் கொண்டு மந்திரங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்தார். அவற்றை மனப்பாடம் செய்துகொண்டார். தெருவில் மணியடித்துச் சிறுவர்களைக் கூட்டி, தாம் சொல்லச் சொல்ல அவர்களைத் திருப்பிச் சொல்லவைத்தார். கற்ற பிள்ளைகள் வீட்டில் உள்ளவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும் என்பது ஏற்பாடு. வேகமாகப் பரவிய முறை அது. என்றிக்கஸ் 1547இல் வந்து தமிழை ஊன்றிக் கற்றபோது, அந்த மொழிபெயர்ப்பில் பிழைகள் இருப்பதைக் கண்டார். ஆயிரக்கணக்கானோர் வாயில் ஏறிவிட்ட பாடம் பிழையாக இருந்தால் என்ன செய்வது?

அவர் உடனே புதிய பாடம் ஒன்றை எழுதிவிடவில்லை. கரையில் வாழ்ந்த மக்கள் பேசிய பேச்சைக் கேட்டு, வேற்றுமை உருபுகளையும் வினைமுற்றுகளையும் வகை பிரித்து, போர்த்துக்கீசிய மொழியில் ஓர் இலக்கணம் எழுதினார். ஜுவாவ் த பாரோஸ் 1540இல் வெளியிட்ட போர்த்துக்கீசிய இலக்கணம் அவருக்கு மாதிரி. அந்தச் சட்டகத்துக்குள் தமிழ் அடங்காத இடங்களில் அவர் சட்டகத்தை வளைத்தார், தமிழை வளைக்கவில்லை. லிஸ்பன் நூலகத்தில் கையெழுத்துப் படியாகக் கிடந்த அந்த இலக்கணத்தை ஜீன் ஹைனும் வி. எஸ். ராஜமும் ஆங்கிலத்தில் பெயர்த்தார்கள்; ஹார்வர்டு கீழைத்தேய வரிசையில் 2013இல் அது வெளிவந்தது. தென் கடற்கரையில் பதினாறாம் நூற்றாண்டில் மக்கள் வாயில் வழங்கிய தமிழ் அதில் பதிவாகியிருக்கிறது. இந்த அடித்தளத்தின் மேல்தான் 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்ற 16 பக்க நூல் அச்சானது. அடுத்த ஆண்டு கொச்சியில் ‘கிரிசித்தியானி வணக்கம்’. 1586இல் ‘அடியார் வரலாறு’. கேட்டதற்கும் அச்சிட்டதற்கும் இடையே முப்பது ஆண்டுகள்.

அவருடைய நோக்கம் சமயம், பள்ளிக்கல்வி அல்ல. ஆனாலும் அவர் பின்பற்றிய வரிசை இன்றைய கல்வித்துறைக்கு நேரடியாகப் பொருந்துகிறது. கற்பவர் எங்கே நிற்கிறார் என்று முதலில் பார்ப்பது, வழக்கத்தில் இருக்கும் பாடத்தின் குறையை ஒப்புக்கொள்வது, உள்ளூர் மக்களோடு சேர்ந்து திருத்துவது, அதற்கு வேண்டிய காலத்தைக் கொடுப்பது, அதன் பிறகு அச்சுக்குப் போவது. நம் காலத்தில் இந்த வரிசை பெரும்பாலும் தலைகீழாகவே நடக்கிறது. கையேடு முதலில் வருகிறது. பயிற்சி பின்னால் வருகிறது. குழந்தைக்கு என்ன தெரியும் என்ற கேள்வி கடைசியில் வருகிறது, சில சமயம் வருவதே இல்லை.

தமிழ்நாட்டு வகுப்பறையில் கிடைத்த ஒரு கண்டுபிடிப்பு உலகம் சுற்றிய கதையும் உண்டு. சென்னை எழும்பூரில் இருந்த ஆண் பிள்ளைகளுக்கான அனாதை இல்லத்தை ஆண்ட்ரூ பெல் 1789இல் நடத்தத் தொடங்கினார். ஒரு நாள் காலை குதிரையில் போகும்போது, திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். தம் பள்ளியிலும் அதைச் செய்யச் சொன்னார். உதவி ஆசிரியர் முடியாது என்றார். பெல் அந்தப் பொறுப்பை ஜான் ஃப்ரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனிடம் கொடுத்தார். பையன் சொல்லிக்கொடுத்தான், சின்னப் பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள். மூத்த மாணவர் இளையவருக்குக் கற்பிப்பது திண்ணைப் பள்ளிகளுக்குப் புதியதல்ல. சட்டாம்பிள்ளை இல்லாத திண்ணைப் பள்ளி ஏது? பெல் செய்தது, அதைக் கவனித்து, செய்து பார்த்து, எழுதி வைத்ததுதான். 1797இல் லண்டனில் அவருடைய அறிக்கை நூலாக வந்தது. ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் இங்கிலாந்தின் பள்ளிகள் அதை எடுத்துக்கொண்டன.

அங்கே நடந்ததுதான் பாடம். ஓர் ஆசிரியர் நூற்றுக்கணக்கான பிள்ளைகளைச் சமாளிக்க இது மலிவான வழி என்று கண்டவர்கள், பெரிய கூடங்களில் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து, கட்டளைக்குக் கட்டளை ஒப்பிக்கச் செய்தார்கள். மணலில் எழுதிய பிள்ளையின் சுதந்திரமும், தனக்கு அடுத்த வயதுக்காரன் பக்கத்தில் இருந்து கவனிக்கும் நெருக்கமும் போய், வரிசையும் சத்தமும் மிஞ்சின. ஒரு முறை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகும்போது முதலில் உதிர்வது அதை வேலைசெய்ய வைத்த காரணம்தான். இருபத்தோராம் நூற்றாண்டின் கல்வி ஆய்வுகள் மறுபடி மறுபடி இந்த இடத்துக்கே வந்து சேர்கின்றன.

இந்தியப் பள்ளிகளின் முதன்மையான சிக்கல் என்ன என்பதில் ஆய்வாளர்களிடையே இன்று பெரிய கருத்து வேறுபாடு இல்லை. ஒரே வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் ஒரே நிலையில் இல்லை. கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், அலெஹாந்த்ரோ கனிமியன் ஆகியோர் தில்லியில் நடத்திய ஆய்வில், ஆறாம் வகுப்பு மாணவர்கள் கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தார்கள். அதைவிடக் கவலை தருவது, ஒரே வகுப்பறைக்குள் ஐந்தாறு வகுப்புகளுக்கான இடைவெளி இருந்தது. ஆசிரியர் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் பாதிப் பேருக்கு அது எட்டாது, இன்னும் சிலருக்கு ஏற்கனவே தெரிந்ததாக இருக்கும். பாடத்திட்டத்தை முடிக்க வேண்டிய கடமையோ ஆசிரியர் தலைமேல் இருக்கிறது.

இதற்கு ‘பிரதம்’ அமைப்பு ஒரு விடையை முன்வைத்தது. வயதையும் வகுப்பையும் ஒதுக்கிவைத்து, குழந்தை எழுத்து அறியுமா, சொல் அறியுமா, பத்தி படிக்குமா என்று ஐந்து நிமிடத்தில் பார்த்து, அந்த நிலைக்கு ஏற்பக் குழுவாக்கி, தினம் ஓரிரு மணி நேரம் அந்தந்த நிலையிலிருந்து கற்பிப்பது. மும்பையிலும் வடோதராவிலும் 2001 முதல் 2003 வரை நடந்த சோதனையில், உள்ளூர் இளம்பெண்கள் ‘பால்சகி’ என்ற பெயரில் பின்தங்கிய பிள்ளைகளைத் தினமும் தனியே உட்காரவைத்துக் கற்பித்தார்கள். பலன் தெளிவாகத் தெரிந்தது. இந்த ஆய்வை நடத்தியவர்களில் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டஃப்லோவும் இருந்தார்கள். 2019இல் மைக்கேல் கிரேமரோடு சேர்ந்து அவர்கள் பொருளியல் நோபல் பெற்றார்கள்.

நோபலைவிட முக்கியம், அதற்கு இடைப்பட்ட ஆண்டுகளில் கிடைத்த தோல்விகள். பிகாரில் அரசுப் பள்ளிகளுக்கு இதே முறையின் பாடப்பொருள்களைக் கொடுத்தார்கள், மாற்றம் இல்லை. பொருள்களோடு ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் கொடுத்தார்கள். அப்போதும் பள்ளி நாட்களில் மாற்றம் இல்லை. ஆசிரியர்களுக்குத் திறமை இல்லை, அக்கறை இல்லை என்று இதற்கு முடிவு கட்டிவிடுவது சுலபம். ஆனால் அதே பிகாரில், அதே அரசு ஆசிரியர்கள், 2008 கோடை விடுமுறையில் ஒரு மாத முகாம் நடத்தியபோது பிள்ளைகள் முன்னேறினார்கள். ஆசிரியர் மாறவில்லை, முறை மாறவில்லை, பிள்ளைகளும் அதே ஊர்ப் பிள்ளைகள். மாறியது ஒன்றுதான்: கோடையில் முடிக்க வேண்டிய பாடத்திட்டம் இல்லை. ஜூலையில் பள்ளி திறந்ததும் ஆசிரியர்கள் புத்தகத்தின் பக்கங்களுக்குத் திரும்பினார்கள், ஏனெனில் மேலதிகாரி வந்து கேட்பது அதைத்தான்.

உத்தராகண்டில் இன்னொரு விதமாக நடந்தது. உதவிக்கு வந்த தன்னார்வலர்களைப் பள்ளிகள் வழக்கமான வகுப்பெடுக்க வைத்துக்கொண்டன. ஆட்கள் கூடினார்கள், முறை கரைந்துவிட்டது. இந்த இரண்டிலிருந்தும் கற்றுக்கொண்டு ஹரியானாவில் 2012-13இல் பள்ளி நேரத்திலேயே ஒரு மணி நேரத்தை இதற்கென்று ஒதுக்கினார்கள். அந்த நேரத்தில் வகுப்பைக் கலைத்து நிலைவாரியாக உட்காரவைக்க வேண்டும். வட்டார அளவிலான கல்வி அலுவலர்கள் நேரில் வந்து கற்பித்துக் காட்டி, கூட நின்று பார்க்க வேண்டும். இந்தி வாசிப்பு முன்னேறியது. அதே மாநிலத்தில் அதே காலத்தில் தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடு என்ற இன்னொரு திட்டமும் சோதிக்கப்பட்டது. ஆசிரியர் ஒவ்வொரு குழந்தையையும் பல கூறுகளில் அடிக்கடி மதிப்பிட்டுப் பதிவேட்டில் எழுத வேண்டும். குழந்தைகளின் கற்றலில் அதனால் மாற்றம் எதுவும் தெரியவில்லை.

மத்தியப் பிரதேசத்தின் கதை இதைவிடக் கடுமையானது. பள்ளிகளை விரிவாக மதிப்பிட்டு, ஒவ்வொன்றுக்கும் மேம்பாட்டுத் திட்டம் எழுதவைத்து, அலுவலர்கள் மேற்பார்வையிடும் ஒரு பெருந்திட்டத்தை முரளிதரனும் சிங்கும் ஆராய்ந்தார்கள். மதிப்பீடுகள் நடந்தன, திட்டங்கள் எழுதப்பட்டன. ஆசிரியர் கற்பித்த விதத்திலும் மாணவர் கற்றதிலும் ஒரு மாற்றமும் இல்லை. இருந்தும் அந்த மாதிரி வெற்றி என்று கருதப்பட்டு நாட்டின் பல லட்சம் பள்ளிகளுக்கு விரிக்கப்பட்டது. கோப்பு நிறைந்திருந்ததால் வகுப்பறையும் நிறைந்துவிட்டதாக நினைத்துவிட்டார்கள். ஓர் ஆய்வு இல்லாமல் போனால் ஏற்படும் இழப்பைவிட, ஆய்வின் விடை கையில் இருந்தும் படிவத்தின் பக்கம் சாய்வதால் ஏற்படும் இழப்பு பெரியது என்றே சொல்ல வேண்டும்.

தமிழ்நாடு இந்த விஷயத்தில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த மாநிலம் அல்ல. ஆந்திரத்தின் மதனப்பள்ளிக்கு அருகில் ரிஷி வேலி கிராமப்புறக் கல்வி மையத்தில் பத்மநாப ராவும் ரமாவும் உருவாக்கிய பல்வகுப்புக் கற்பித்தல் முறையை, சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம். பி. விஜயகுமார் 2003இல் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிவைத்தார். செயல்வழிக் கற்றல் என்ற பெயரில் அது சில ஆண்டுகளில் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் போனது. பிள்ளைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்தார்கள். கற்றல் ஏணியில் தாங்கள் நிற்கும் படியைத் தாங்களே பார்த்து, அதற்குரிய அட்டையைத் தட்டிலிருந்து எடுத்தார்கள். கரும்பலகை அவர்கள் கைக்கு எட்டும் உயரத்துக்கு இறங்கியது. நெடுநாள் பள்ளிக்கு வராத பிள்ளை, விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். கடலுக்கும் கருவாட்டுக் களத்துக்கும் உதவிக்குப் போய்ப் பள்ளியைத் தவறவிடும் பிள்ளைகள் உள்ள கரையூர்களுக்கு இதைவிடப் பொருத்தமான யோசனை இருக்க முடியாது.

பின்னாளில் அந்த முறை சோர்ந்தது ஏன்? ரிஷி வேலியில் அட்டைகளை உருவாக்கியவர்களே அவற்றை வகுப்பில் பயன்படுத்தினார்கள். சரியாக வராத அட்டையை மாற்றினார்கள். மாநிலம் முழுவதற்கும் ஒரே அட்டைத் தொகுப்பு அச்சாகி வந்தபோது அந்தத் திருத்தும் உரிமை ஆசிரியரிடம் இல்லாமல் போனது. கிழிந்த அட்டைக்கு மாற்று வராத பள்ளியில் ஏணியின் படி ஒன்று காணாமல் போகும். முறை எளிமைப்படுத்தப்பட்டது, பிறகு பாடநூல்கள் திரும்ப மையத்துக்கு வந்தன. செயல்வழிக் கற்றலைத் தோல்வி என்று எழுதுவது அநியாயம். குழந்தையின் நிலையைப் பார்த்துக் கற்பிக்கலாம் என்பதை ஒரு தலைமுறைத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் கையால் செய்து பழகியது அதில்தான். 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம், பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தபோது அந்த ஆசிரியர்களுக்கு அது அந்நியமாக இருந்திருக்காது.

இடையில் பெருந்தொற்று வந்தது. பள்ளிகள் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு மூடிக்கிடந்தன. அப்போது தமிழ்நாட்டுக்கு ஒரு நல்வாய்ப்பு அமைந்தது: அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, முரளிதரன் ஆகியோர் வேறொரு தேவைக்காக 2019இலேயே இங்குள்ள கிராமங்களில் வீடு வீடாகப் போய்க் குழந்தைகளின் கற்றலை அளந்து வைத்திருந்தார்கள். 2021 டிசம்பரில் திரும்பப் போய் அளந்தபோது இழப்பின் அளவு தெரிந்தது. சுமார் 19,000 குழந்தைகளைப் பின்தொடர்ந்த அந்த ஆய்வின்படி, கணக்கில் ஏற்பட்ட பின்னடைவு மொழியில் ஏற்பட்டதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆனால் பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கை மீட்டுவிட்டார்கள். அந்த மீட்சியில் கிட்டத்தட்ட கால் பங்குக்குக் காரணமாக ஆய்வாளர்கள் காட்டுவது இல்லம் தேடிக் கல்வியை.

2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் தொடங்கிய திட்டம் அது. சுமார் 2 லட்சம் தன்னார்வலர்கள் மாலை ஐந்திலிருந்து ஏழுக்குள் தங்கள் தெருப் பிள்ளைகளைக் கூட்டி ஒன்றரை மணி நேரம் கற்பித்தார்கள். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளே அதிகம் வந்தார்கள் என்பதும் ஆய்வில் தெரிந்தது. சேவியர் காலத்துத் தெரு இங்கே நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியாது. ஆனால் வேறுபாடு பெரியது. இங்கே விளைவை வெளியார் அளந்தார்கள், அதனால் எது எந்த அளவுக்குப் பலித்தது என்று பேச முடிகிறது. மும்பையின் பால்சகி, பிகாரின் கோடை முகாம், ஹரியானாவின் ஒதுக்கிய ஒரு மணி நேரம், தமிழ்நாட்டின் மாலை வகுப்பு ஆகிய நான்கிலும் பொதுவாக இருப்பது ஒன்றே. பாடத்திட்டம் தொட முடியாத ஒரு நேரம் இருந்தது, அந்த நேரத்துக்குப் பொறுப்பான ஓர் ஆளும் இருந்தார்.

நேரமும் ஆளும் கிடைத்த பிறகு என்ன கற்பிப்பது என்ற கேள்வி வருகிறது. இங்கே கரையூர்ப் பள்ளிக்கு என்று தனியாகச் சில விஷயங்கள் உண்டு.

முதலாவது மொழி. சார்லஸ் ஃபெர்குசன் 1959இல் இரட்டை வழக்கு பற்றி எழுதிய கட்டுரைக்குப் பிறகு, எழுத்துத் தமிழும் பேச்சுத் தமிழும் விலகி நிற்பது மொழியியலில் அறியப்பட்ட செய்தி. ஆறு வயதில் பள்ளிக்கு வரும் குழந்தை ‘போய்க்கொண்டிருக்கிறார்கள்’ என்ற சொல்லை வீட்டில் கேட்டிருக்காது. எழுத்துக்கூட்டத் தெரிந்தாலும் அது தனக்குத் தெரிந்த சொல்தான் என்று குழந்தைக்குப் பிடிபடத் தாமதமாகிறது. கரையூர்ப் பிள்ளைக்கு இன்னொரு தொலைவும் சேர்கிறது. வாடை, சோளகம், கொண்டல், கச்சான் என்று காற்றுகளைப் பிரித்தறியும் பிள்ளையின் பாடநூலில் வயலும் வரப்பும் வருகின்றன. பெங்களூருவில் கன்னடப் பிள்ளைகளின் வாசிப்பை ஆராய்ந்த சோனாலி நாக், நம் வகை எழுத்துமுறைகளில் எழுத்துகளைப் பிடிப்பதற்கே நான்காம் வகுப்பு வரையிலும் அதற்கு அப்பாலும் காலம் ஆகிறது என்று காட்டினார். ஆங்கிலத்தின் 26 எழுத்தை வைத்துக் கணக்கிட்ட கால அட்டவணை 247 எழுத்துக்குப் பொருந்தாது. முதல் வகுப்புக் கடைசியில் எல்லாரும் எல்லா எழுத்தும் அறிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்த்து, அறியாத பிள்ளையை மந்தம் என்று ஒதுக்குவது, எழுத்துமுறையின் இயல்பைக் குழந்தையின் குற்றமாக்குவது.

புன்னைக்காயலின் தொடக்கப் பள்ளி ஆசிரியர் ஒருவர் செய்யக்கூடியது இதில் நிறைய இருக்கிறது. பிள்ளைகள் சொல்வதை அப்படியே எழுதி, அதை அவர்களே வாசிக்கவைக்கலாம். பிறகு அதே வாக்கியத்தை எழுத்து வழக்கில் பக்கத்தில் எழுதலாம். வலை, மடி, வள்ளம், மீன் வகைகள் என்று கரையின் சொற்களில் வாசிப்பு அட்டை செய்யலாம். இந்தக் கரையின் பேச்சை எழுத்தில் கொண்டுவர முடியும் என்பதற்கு ஜோ டி குருஸ் எழுதிய ‘ஆழி சூழ் உலகு’, ‘கொற்கை’ ஆகிய நாவல்களே சான்று. ‘கொற்கை’ 2013இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. பெரியவர்களின் இலக்கியத்துக்குத் தகுதியான மொழி ஆறு வயதுப் பிள்ளையின் வாசிப்பு அட்டைக்குத் தகுதியற்றதாகிவிடாது.

இரண்டாவது கணக்கு. பானர்ஜி, டஃப்லோ, எலிசபெத் ஸ்பெல்கி உள்ளிட்டோர் ‘நேச்சர்’ இதழில் 2025இல் வெளியிட்ட ஆய்வு, கடற்கரை ஆசிரியர் ஒவ்வொருவரும் அறிய வேண்டியது. கொல்கத்தா, தில்லிச் சந்தைகளில் வேலை செய்யும் 1,436 பிள்ளைகளைச் சோதித்தார்கள். எண்ணூறு கிராம் உருளைக்கிழங்கும் ஒரு கிலோ நானூறு கிராம் வெங்காயமும் சேர்த்து என்ன விலை என்பது போன்ற கணக்கை மனத்திலேயே போட்டு மீதிச் சில்லறை கொடுத்த பிள்ளைகள், அதைவிட எளிய கழித்தலையும் வகுத்தலையும் தாளில் எழுதிக் கொடுத்தபோது தடுமாறினார்கள். சந்தையில் வேலை செய்யாத 471 பள்ளிப் பிள்ளைகளைப் பார்த்தபோது நேர்மாறாக இருந்தது: தாளில் ஓரளவு போட்டவர்கள் சந்தைக் கணக்கில் திணறினார்கள். இரண்டு அறிவும் ஒரே ஊரில் இருந்தும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை.

மீன் கரைக்கு வந்ததும் ஏலம் தொடங்கும் ஊர்களில் இந்த ஆய்வின் பொருள் உடனே புரியும். கூறு எவ்வளவு, கேட்ட விலை எவ்வளவு, பங்காளிகளுக்கு எவ்வளவு, டீசலுக்குப் போக மிச்சம் எவ்வளவு என்று பெரியவர்கள் வாய்விட்டுப் போடும் கணக்கைக் கேட்டு வளரும் பிள்ளைகள் இவர்கள். டி. செந்தில்பாபு தம் ஆய்வுகளில் காட்டியிருப்பதுபோல், பழைய திண்ணைப் பள்ளியின் எண்சுவடியும் பொன்னிலக்கமும் நெல்லிலக்கமும் அளக்கிற, நிறுக்கிற உலகத்தோடு ஒட்டியே இருந்தன. அங்கே மனப்பாடத்தின் கொடுமையும் சாதியின் வேலியும் இருந்தன என்பதை மறக்க வேண்டியதில்லை. ஆனால் எண்ணும் தொழிலும் பேசிக்கொண்ட அந்த உறவு நவீனப் பாடநூலில் அறுந்துவிட்டது. ஏலக் கணக்கை வகுப்பில் வாய்மொழியாகப் போடவைத்து, அந்தப் பிள்ளை எப்படி விடைக்கு வந்தது என்று சொல்லவைத்து, சொன்னதைக் கரும்பலகையில் குறியீடாக எழுதிக் காட்டுவது செலவில்லாத வேலை. வாய்க்கணக்கிலிருந்து தாள்கணக்குக்குப் போகும் பாலத்தை யாரும் கட்டித்தராவிட்டால் அது தானாக உருவாகாது என்பதே அந்த ஆய்வின் எச்சரிக்கை.

பள்ளிக்கு முந்தைய வயதைப் பற்றியும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டின் நான்கு மாவட்டங்களில் 320 அங்கன்வாடிகளை எடுத்துக்கொண்டு கனிமியன், முரளிதரன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் ஆகியோர் நடத்திய சோதனையில், பாதி மையங்களுக்கு அரைநாள் வேலைக்குக் கூடுதலாக ஒரு பணியாளரைக் கொடுத்தார்கள். அவர் வேலை முன்பருவக் கல்வி மட்டும். கற்பிக்கும் நேரம் இரண்டு மடங்கானது. ஒன்றரை ஆண்டில் மொழியிலும் கணக்கிலும் பிள்ளைகள் முன்னேறினார்கள். பழைய பணியாளருக்குச் சத்துணவையும் உடல்நலத்தையும் கவனிக்க நேரம் கிடைத்ததால் ஊட்டக்குறைவும் குறைந்தது. உணவும் கல்வியும் பிரிக்க முடியாதவை என்பதைத் தூத்துக்குடி மாவட்டம் முன்பே அறியும்: காமராசர் மதிய உணவுத் திட்டத்தை 1956இல் தொடங்கிவைத்தது எட்டயபுரத்தில். தனிகா சக்ரவர்த்தியும் ராஜி ஜெயராமனும் 2019இல் வெளியிட்ட ஆய்வு, தொடக்கப் பள்ளிக் காலம் முழுவதும் மதிய உணவு பெற்ற பிள்ளைகளின் வாசிப்பு 18 விழுக்காடும் கணக்கு 9 விழுக்காடும் உயர்ந்திருப்பதை இந்திய அளவில் காட்டியது.

ஆய்வைப் பள்ளிக்குக் கொண்டுவரும் நிறுவனம் ஏற்கனவே இருக்கிறது. 1986 தேசியக் கல்விக் கொள்கைக்குப் பிறகு நாடெங்கும் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள் தொடங்கப்பட்டன. தூத்துக்குடி மாவட்டத்துக்கான நிறுவனம் வானரமுட்டியில் இருக்கிறது. செயலாராய்ச்சி அதன் கடமைகளில் ஒன்று. குறுவள மையக் கூட்டங்களில் ஆசிரியர்கள் கூடுகிறார்கள். ஆசிரியர் பயிற்றுநர்கள் பள்ளிகளுக்குப் போகிறார்கள். ஹரியானாவில் பலித்த ஏற்பாட்டுக்கு வேண்டிய ஆட்கள் இங்கே பணியில் இருக்கிறார்கள். அவர்களுடைய நாள் எதில் போகிறது என்பதுதான் கேள்வி. பள்ளித் தரவுகளை எமிஸ் என்ற அரசு இணையதளத்தில் பதிவேற்றும் வேலை கற்பிக்கும் நேரத்தைத் தின்கிறது என்று ஆசிரியர் சங்கங்கள் தொடர்ந்து குரல் எழுப்பி வந்திருக்கின்றன. மத்தியப் பிரதேச ஆய்வைப் படித்தவர்கள் அந்தக் குரலை வேலைக்குச் சுணங்குபவர்களின் புகார் என்று தள்ளமாட்டார்கள்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணியின் கீழ்க்கரை ஊர்கள் துண்டிக்கப்பட்டன. பள்ளிகள் மூடப்பட்டன, அரையாண்டுத் தேர்வுகள் தள்ளிப்போயின. இப்படி ஓர் இடைவெளிக்குப் பிறகு பள்ளி திறக்கும் முதல் வாரத்தில் விட்ட பாடத்தைத் துரத்துவதா, பிள்ளைகள் எங்கே நிற்கிறார்கள் என்று பார்ப்பதா என்ற முடிவை எடுக்கும் அதிகாரம் தலைமையாசிரியரிடம் இருக்க வேண்டும். ஐந்து நிமிட வாசிப்புச் சோதனை ஒரு வகுப்பு முழுவதற்கும் ஒரு நாளில் முடிந்துவிடும். கோடையிலும் வாய்ப்பு உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம்; அதன் பெரும்பகுதி பள்ளி விடுமுறையோடு ஒத்துப்போகிறது. பிகாரின் அனுபவத்தை நம்பினால், மே மாதத்தில் முப்பது நாள், தினம் இரண்டு மணி நேரம், நிலைவாரிக் குழுக்கள், சம்பளத்தோடு ஆசிரியர்கள், கூடவே இல்லம் தேடிக் கல்வியில் பழகிய உள்ளூர்ப் பெண்கள் என்று ஒரு முகாமை ஆத்தூர், பழையகாயல், புன்னைக்காயல் பகுதிப் பள்ளிகளில் நடத்திப் பார்க்கலாம். தொடங்கும் நாளிலும் முடியும் நாளிலும் வாசிப்பையும் கணக்கையும் வானரமுட்டியிலிருந்து வருபவர்கள் அளக்கட்டும். முகாம் நடக்காத பக்கத்து ஊர்ப் பள்ளிகளிலும் அதே நாட்களில் அளக்கட்டும். முடிவை ஜூன் மாதக் குறுவள மையக் கூட்டத்தில் ஆசிரியர்கள் முன் வைத்து, எந்த அட்டை உதவியது, எது உதவவில்லை என்று அவர்களையே பேசவிட்டால், அடுத்த ஆண்டு அட்டைகளைத் திருத்தி எழுத வேண்டியவர்கள் யார் என்பது அந்தக் கூட்டத்திலேயே முடிவாகிவிடும்.